மூன்று பெட்டி, மூன்று விலை: காருக்கு எந்த ஏர் ஃபில்டர்?

அரியலூரில் இருக்கும் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், போன மாதம் ஒரு சனிக்கிழமை வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கண்ணாடி மேசை. அதன்மேல் வரிசையாக மூன்று அட்டைப்பெட்டிகள். கீழே அவரே தட்டிய வரி: “420, 270, 5100. மூணும் நம்ம வண்டிக்கு உட்காருமாம். எதை வாங்கட்டும் மாப்ள? வண்டி வேற முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது.”

முதல் பெட்டி கார் கம்பெனியின் பெயர் போட்டது. இரண்டாவது, ஃபில்டர் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் வெளிக் கம்பெனியுடையது. மூன்றாவது, கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டர். கடைக்காரரை நிற்க வைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல முடியாது என்பதால், “பேப்பர் ஃபில்டர் ஏதாவது ஒண்ணு, ரப்பர் விளிம்பை அமுக்கிப் பாத்து வாங்குங்க மாமா” என்று மட்டும் பதில் போட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் அதைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும். கன அளவில் சொன்னால் சுமார் 9,000 லிட்டர். சென்னையில் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு அது. லிட்டருக்கு ஒரு லாரி காற்று! லிட்டருக்கு 18 கி.மீ. ஓடும் கார் 10,000 கி.மீ. ஓடுவதற்குள் ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் காற்றை அந்தச் சின்ன ஃபில்டரின் வழியாக இழுத்துவிடுகிறது. டீசல் எஞ்சின் இதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். இவ்வளவு காற்றோடு வரும் மண்ணைத் தடுப்பதுதான் ஃபில்டரின் வேலை. அதனால் நான் பார்க்கும் வரிசை இது.

முதலாவது, விளிம்பு. ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் அல்லது ஃபோம் விளிம்பு, எஞ்சினில் அதை மாட்டும் பெட்டிக்குள் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். நடுவில் இருக்கும் தாள் உலகத்தரமாக இருந்தாலும் மூலையில் ஒரு நூல் அளவு சந்து இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும். காற்றுக்குச் சுலபமான வழிதான் வேண்டும். பிராண்டு அதற்குத் தெரியாது.

இரண்டாவது, எவ்வளவு தூசியை நிறுத்துகிறது என்பது. பெட்டியில் 98 சதவீதம், 99.5 சதவீதம் என்று போட்டிருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். தப்பிப் போவதைக் கணக்குப் போடுங்கள். 100 கிராம் தூசி வந்தால் முதலாவது 2 கிராமை உள்ளே விடும், இரண்டாவது அரை கிராமை. நான்கு மடங்கு வித்தியாசம். எஞ்சினைத் தேய்ப்பது கண்ணுக்குத் தெரியும் மணல் இல்லை. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் நுழையக்கூடிய, தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத, கல்தூள். ஆயிலோடு கலந்து அது உப்புத்தாள் வேலையைச் செய்யும்.

மூன்றாவது, காற்றை எவ்வளவு தாராளமாக விடுகிறது என்பது. விளம்பரங்கள் பேசுவது பெரும்பாலும் இதைத்தான். நான்காவது, செலவு. அதை ஒரு பெட்டியின் விலையாகப் பார்க்காமல் ஒரு லட்சம் கி.மீ. ஓட ஆகும் மொத்தமாகப் பார்க்க வேண்டும். ஐந்தாவது, வாரண்டி.

தூசி தடுப்பு, காற்றோட்டம், அடைக்கும் முன் பிடிக்கும் தூசியின் அளவு ஆகியவற்றை அளக்க ஐஎஸ்ஓ 5011 என்றொரு சோதனை முறை இருக்கிறது. வெளிக் கம்பெனி ஃபில்டர் வாங்கும்போது பெட்டியிலோ அவர்கள் விவரக் குறிப்பிலோ அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. “ஹை ஃப்ளோ”, “பிரீமியம்” போன்ற சொற்களை அளக்க எந்த முறையும் இல்லை.

மைலேஜ் கதை

ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்று மெக்கானிக் முதல் மாமனார் வரை எல்லோரும் சொல்வார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது ஓரளவு உண்மை. காற்று குறைந்தால் பெட்ரோல் அதற்கேற்பக் குறையாது, வண்டி கூடுதலாகக் குடிக்கும். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே போகும் காற்றை சென்சார் அளந்து, அதற்கேற்ற எரிபொருளைத்தான் கம்ப்யூட்டர் விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியும் இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களின் மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வேகம் எடுக்கும் நேரம்தான் மாறியது. புது ஃபில்டர் போட்டதும் அது 6 முதல் 11 சதவீதம் மேம்பட்டது. ஆக, அடைத்த ஃபில்டர் பிக்கப்பைத்தான் தின்கிறது.

இதிலேயே இன்னொன்றும் வருகிறது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், சுத்தமான பேப்பர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னும் தாராளமான ஃபில்டர் மாட்டி மைலேஜை எங்கிருந்து கூட்டுவது? பெட்ரோல் காரில் சாதாரண ஓட்டத்தின்போது காற்றை மறிப்பது பெரும்பாலும் பாதி மூடிய த்ராட்டில்தான், அதாவது ஆக்ஸிலரேட்டரை அமுக்கும்போது திறக்கும் காற்றுக் கதவு. ஃபில்டரின் தாராளம் காலை முழுதாக அமுக்கும்போது மட்டுமே கணக்கில் வரும்.

கார் கம்பெனிப் பெட்டி

இதன் பெரிய பலம் உட்காரும் விதம். எஞ்சினில் உள்ள ஃபில்டர் பெட்டிக்கென்றே அச்சு எடுத்த விளிம்பு, அதே மடிப்பு எண்ணிக்கை, அதே உயரம். யோசிக்காமல் மாட்டலாம். வாரண்டிப் பேச்சும் வராது.

கார் கம்பெனி தானே ஃபில்டர் செய்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. மான், மாலே போன்ற ஃபில்டர் நிறுவனங்கள் செய்து தருகின்றன, கார் கம்பெனி தன் பெட்டியில் போடுகிறது. 150 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும்போது அதில் ஒரு பங்கு அட்டைப்பெட்டிக்கும் பொறுப்பேற்றுக்கொள்வதற்கும் போகிறது. பொறுப்புக்குக் கொடுப்பது வீண் என்று சொல்லமாட்டேன்.

மறைந்த செலவு சர்வீஸ் பில்லில் இருக்கும். பல கார்களுக்கு, நல்ல சாலையில் ஓடினால், கையேடு சொல்லும் மாற்று இடைவெளி 20,000-லிருந்து 40,000 கி.மீ. வரை. ஆனால் 10,000-க்கு ஒருமுறை வண்டி உள்ளே போகும்போதெல்லாம் புது ஃபில்டர் பில்லில் ஏறிவிடும். இல்லையென்றால் கிளீனிங் என்று ஒரு வரி. ஒரு முறை எனக்கும் அப்படி வந்தது. “பழைய ஃபில்டரைக் கொடுங்க” என்று கேட்டேன். உள்ளே போய்த் தேடிவிட்டு வந்த பையன் அந்த வரியை அடித்துவிட்டு வேறு பில் நீட்டினான். அதிலிருந்து வண்டி விடும்போதே, மாற்றும் எல்லாப் பழைய சாமானும் டிக்கியில் இருக்க வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுத வைத்துவிடுகிறேன்.

இன்னொரு ஆபத்து டூப்ளிகேட். கார் கம்பெனி பெயருக்குத்தான் போலி அதிகம் வரும். யாரும் கேள்விப்படாத பெயருக்கு எவன் போலி செய்வான்? ஹாலோகிராம், எம்ஆர்பி ஸ்டிக்கர், பார்ட் நம்பர் மூன்றையும் பார்க்க வேண்டும். அதோடு பழைய ஃபில்டரையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணுங்கள். போலியில் மடிப்பு குறைவாக, அகலமாக இருக்கும். தாளில் மிச்சம் பிடிக்கத்தான் அது.

பெயருள்ள வெளிக் கம்பெனிப் பெட்டி

பாஷ், மான், மாலே, எலோஃபிக் மாதிரியான பெயர்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் இவற்றில் ஒன்றாவது இருக்கும். விலை பெரும்பாலும் கார் கம்பெனியுடையதைவிடக் குறைவு. சில வண்டிகளுக்கு இதே ஆலையில் செய்த ஃபில்டர்தான் ஷோரூம் பெட்டியிலும் வருகிறது.

ஆனால் எல்லா வண்டிக்கும் அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே பிராண்டில் ஒரு காருக்கு வருவது கச்சிதமாக உட்காரும், இன்னொரு காருக்கு மூடியை இழுத்துப் பிடித்துக் கிளிப் போட வேண்டியிருக்கும். அதனால் பிராண்டை நம்புவதைவிட அந்தக் குறிப்பிட்ட ஃபில்டரைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் வழி. விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டால் உடனே எழும்பி வர வேண்டும். குழி அப்படியே நின்றால் வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மூலைகளைப் பாருங்கள். தாளும் சட்டமும் ஒட்டும் இடத்தில் ஊசி வெளிச்சம் தெரியக்கூடாது.

வாரண்டி போய்விடும் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்குமேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்ததுதான் குற்றம். வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தாலே வாரண்டி முழுதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது, வெளி வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை. நடைமுறையில் என் யோசனை: வாரண்டி முடியும்வரை ஷோரூம் ஃபில்டரையே போட்டுவிடுங்கள். வருடத்துக்கு 100, 150 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக கவுன்டரில் நின்று சட்டம் பேச நமக்கு நேரமில்லை. வாரண்டி முடிந்த மறுநாள் இந்தப் பெட்டிக்கு மாறிக்கொள்ளலாம்.

பெயரில்லாத 120 ரூபாய் சாமான்

மாமாவின் படத்தில் இது இல்லை, ஆனால் மேசைக்கு அடியில் நிச்சயம் இருந்திருக்கும். பழைய காருக்கு இது போதும் என்று நானும் ஒருமுறை வாங்கியிருக்கிறேன். மூன்றே மாதம். மூடியைத் திறந்தபோது ரப்பர் விளிம்பு கல்லாகிப் போயிருந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தூசி தாண்டிப் போன கோடு, ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல. இதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை. வாங்காதீர்கள்.

கழுவிப் போடும் பருத்தி ஃபில்டர்

கிராமத்தில் டிராக்டர் பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதில்லை. டிராக்டரில் காற்று எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டு போகும், தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். கே அண்ட் என் மாதிரியான ஃபில்டர்களில் அந்த எண்ணெயைப் பல அடுக்குப் பருத்தித் துணியில் தடவி, இரண்டு பக்கமும் கம்பிவலை வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1969-ல் தொடங்கிய கம்பெனி. பத்து லட்சம் மைல் வாரண்டி கொடுக்கிறது. துணி கிழியாமல் அவ்வளவு நாள் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி அந்தத் துணியைத் தாண்டி உள்ளே போவதைப் பற்றி.

பருத்தி காற்றைத் தாராளமாக விடும். முழு வேகத்தில் ஓட்டுபவருக்கு எஞ்சின் பலம் ஒரு சிட்டிகை கூடும். உறிஞ்சும் சத்தமும் கூடும். அந்தச் சத்தம் வந்ததுமே வண்டி பறப்பதுபோல ஓட்டுபவருக்குத் தோன்றும் என்பது என் சொந்தக் கணிப்பு. பதிலுக்கு, மிக நுண்ணிய தூளைத் தடுப்பதில் நல்ல பேப்பர் ஃபில்டருக்கு இது பெரும்பாலும் ஒரு படி கீழேதான் நிற்கும்.

அப்புறம் எண்ணெய். கழுவிக் காய்ந்தபின் மறுபடி எண்ணெய் தெளிக்க வேண்டும். குறைந்தால் தூசி தாண்டும். கூடினால் எண்ணெய்த் துளி காற்றோடு போய், காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய கம்பியில் படியலாம். அந்தக் கம்பி சூட்டை வைத்துத்தான் அளக்கிறது. மேலே படலம் படிந்தால் கணக்குத் தப்பும், எஞ்சின் விளக்கு எரியும். அளவாகத் தெளித்தால் இது நடக்காது என்கிறது தயாரிப்பாளர் தரப்பு. அளவாகத் தெளிப்பது நம் சர்வீஸ் ஷெட்டில் எத்தனை பேர்? ஃபில்டர் நிழலில் தானாகக் காயவும் வேண்டும், ஏர் அடித்துக் காயவைத்தால் துணி கெட்டுவிடும். அதுவரை வண்டி நிற்கும்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஃபில்டர் 5,100, கழுவும் திரவமும் எண்ணெயும் சேர்ந்த கிட் சுமார் 1,700. ஆக 6,800. மாமாவின் 420 ரூபாய்ப் பெட்டியில் இது 16 ஃபில்டர். 20,000-க்கு ஒன்று மாற்றினாலும் 3.2 லட்சம் கி.மீ. ஓடினால்தான் முதல் தேறும். சின்னக் காரில் இந்தக் கணக்கு நிற்கவே நிற்காது. ஆனால் ஒரு பேப்பர் ஃபில்டரே 3,000 ரூபாய் ஆகும் பெரிய வெளிநாட்டுக் கார், நெடுஞ்சாலையிலேயே ஓட்டம், கையில் பொறுமை, கழுவும் வேலையில் ஒரு ஆசை என்றால் மூன்றாவது மாற்றத்திலேயே காசு திரும்பிவிடும். அப்படிப்பட்டவர் தாராளமாக வாங்கலாம்.

எஞ்சினில் உள்ள ஃபில்டர் பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தவாக்கில் மாட்டுபவர்களும் உண்டு. எஞ்சின் சூட்டில் காய்ந்த காற்றை அது உறிஞ்சும். கீழே தாழ்வாக வைத்தால் மழைத்தண்ணீரையும் உறிஞ்சும். வேளச்சேரி பக்கம் வீடு என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

ஒரே பார்வையில்

| | கார் கம்பெனி | பெயருள்ள வெளிக் கம்பெனி | எண்ணெய்ப் பருத்தி |
|---|---|---|---|
| விளிம்பு | கச்சிதம் | பெரும்பாலும் சரி, பார்த்து வாங்கவும் | சரி, ஆனால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கவனம் |
| நுண்தூசித் தடுப்பு | மிக நன்று | மிக நன்று | நன்று, எண்ணெய் சரியாக இருந்தால் |
| காற்றோட்டம் | போதும் | போதும் | தாராளம் |
| ஒரு லட்சம் கி.மீ. செலவு, சின்னக் கார் | சுமார் 2,100 ரூபாய் | சுமார் 1,350 ரூபாய் | சுமார் 6,800 ரூபாய் |
| மறைந்த செலவு | தேவையில்லாத மாற்றம், போலி | தவறான அளவு | கழுவும் நேரம், சென்சார் |
| யாருக்கு | வாரண்டிக் காலத்தில் | வாரண்டி முடிந்த எல்லாருக்கும் | விலையுயர்ந்த ஃபில்டர், நெடுஞ்சாலை ஓட்டம் |

செலவு வரிசை 20,000 கி.மீ.க்கு ஒரு மாற்றம் என்று வைத்துப் போட்டது. கல்குவாரி, செங்கல் சூளை, மெட்ரோ வேலை நடக்கும் சாலை என்று ஓடினால் பாதியிலேயே மாற்ற வேண்டும், செலவு இரட்டிப்பாகும். அப்படிப்பட்ட இடத்தில் எண்ணெய்ப் பருத்தியை நான் எடுக்கவே மாட்டேன்.

ஏர் அடிப்பது பற்றி

எந்தப் பெட்டி வாங்கினாலும் அதைக் கெடுப்பது பெரும்பாலும் பஞ்சர் கடை கம்ப்ரஸர்தான். அதன் முழு அழுத்தத்தில் ஃபில்டரில் அடித்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழலாம். தரையில் ஓங்கித் தட்டினால் மடிப்பு நசுங்கும், சட்டம் கோணும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாளின்மேல் மெல்லிசாகப் படிந்த தூசியே அடுத்து வரும் தூசியைத் தடுக்கும். பேப்பர் ஃபில்டர் மிகக் குறைவாக வடிகட்டுவது புதிதாக மாட்டிய நாளில்தான். வாராவாரம் சுத்தம் செய்பவர் நல்லது செய்வதாக நினைத்து ஃபில்டரைப் பலவீனமாக்குகிறார். இலையும் பூச்சியும் விழ மெதுவாக உதறுங்கள், போதும். அழுக்கு அதற்குமேல் என்றால் புதிது வாங்குங்கள்.

கேபினுக்குள் ஏசி காற்றை வடிகட்டும் ஃபில்டர் வேறு. டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அதை மாற்றிவிட்டு எஞ்சின் ஃபில்டர் மாற்றியாயிற்று என்று நினைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாமாவுடையது 2015 டீசல் ஸ்விஃப்ட். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால்தான் தினசரி ஓட்டம். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டி, காற்று சென்சாரும் உண்டு. பருத்தி வேண்டாம் என்பதற்கு அதுவே போதும். அன்று அவர் வாங்கியது 270 ரூபாய்ப் பெட்டி. மாட்டும் முன் ஒரு வேலை செய்யச் சொல்லியிருந்தேன்: பழைய ஃபில்டரை எடுத்ததும், அதற்கு அந்தப் பக்கம் எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத்துணி சுற்றிய விரலால் தடவிப் பார்ப்பது. துணி சுத்தமாக இருந்தால் இதுவரை போட்ட ஃபில்டர் சரி. பழுப்பு ஏறினால் எங்கேயோ சந்து இருக்கிறது.

மாலையில் வீடியோ கால் போட்டார். துணி சிமென்ட் நிறத்தில் இருந்தது. பழைய ஃபில்டர் ஷோரூமில் போட்ட ஒரிஜினல், விளிம்பு நன்றாகத்தான் இருந்தது. அதைத் திருப்பிக் காட்டினார். ஒரு மூலையில் தாள் ரூபாய் நாணயம் அளவுக்குக் கடித்துக் குதறிக் கிடந்தது, மடிப்புகளுக்கு நடுவே வேர்க்கடலைத் தோல். அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இனிமே ஷெட்டுல கடலை மூட்டை போடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்” என்றாள் அவரிடம்.